தெருச்சுவரில் ஒரு கூழைக்கடா: நெல்லையில் பறவைகளுக்காகச் சுவர் வரையத் தொடங்குகிறவர்களுக்கு

குளத்தங்கரையில் ஒரு சுவர் சும்மா கிடந்தால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கட்சிக்காரர் வெள்ளையடித்து, அடுத்த தேர்தல் வரைக்கும் பெயரெழுதிப் பிடித்து வைப்பார். அது இல்லையென்றால் சினிமா போஸ்டரும் கண்ணீர் அஞ்சலியும் மாறி மாறி ஏறும். இரண்டுக்கும் தோதுப்படாத சுவர் என்றால் அடியில் குப்பை சேரும். இப்படிப்பட்ட ஒரு சுவரை எடுத்து, அதற்குப் பின்னால் இருக்கும் குளத்துக்கும் மரத்துக்கும் பறவைக்கும் உதவுகிற மாதிரி வரைவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. படம் வரையத் தெரியாதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். இந்த வேலையில் வரைவது கால்வாசிதான்.

நெல்லைச் சீமைக்கு இது அந்நியமான காரியம் இல்லை. முக்கூடல் பக்கம் திருப்புடைமருதூருக்குப் போய்ப் பாருங்கள். கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் பழைய சுவரோவியங்கள். வெளியே தாமிரபரணிக் கரை மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும். அந்த ஊர் மக்கள் காலங்காலமாகக் காத்து வந்த அந்த மரக்கூட்டத்தைத்தான் 2005-இல் நாட்டின் முதல் 'பாதுகாப்புக் காப்பகம்' என்று அறிவித்தார்கள். பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்திலும் இதே கதை. 1994-இல் சரணாலயம் ஆனது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நாரை வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும், யாரும் விரட்ட மாட்டார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே நாரை டவுன் நயினார்குளத்துக்கும் வருகிறது. மார்க்கெட்டுக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? சுவரோவியம் செய்ய வேண்டியது அந்தத் தலையைத் திருப்புகிற வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் முடிவுகள் பாதி தானாகவே அமைந்துவிடும்.

முதலில் உயிர், அப்புறம்தான் சுவர்

பெரும்பாலானோர் நல்ல சுவர் ஒன்றைப் பார்த்துவிட்டு, இதில் என்ன வரையலாம் என்று யோசிக்கிறார்கள். கடைசியில் புலியோ, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு வெளிநாட்டுக் கிளியோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. நெல்லை வண்ணாரப்பேட்டையில் புலி வரைந்தால் குழந்தைகள் படம் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். களக்காடு மலையில் இருக்கிற புலிக்கு வண்ணாரப்பேட்டைக்காரர் இன்று சாயங்காலம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வரைகிற உயிர், அந்தச் சுவருக்கு முன் நின்று திரும்பினால் கண்ணில் படக்கூடியதாக இருக்க வேண்டும்.

அதனால் முதல் வேலை நடப்பது. உங்கள் குளத்தையோ வாய்க்காலையோ தெரு மரத்தையோ விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் சில நாள் பாருங்கள். குளத்தில் மீன் குத்தகை எடுத்தவர், கரையில் மாடு மேய்ப்பவர், மரத்தடியில் இஸ்திரி போடுகிறவர், இவர்களிடம் கேளுங்கள். எந்த மாதம் எந்தப் பறவை வரும், முன்பு இருந்து இப்போது காணாதது எது என்று புத்தகத்தைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் பெயரையே குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் எழுத வேண்டியதும் அந்தப் பெயர்தான்.

பறவை பார்த்துப் பழக்கம் இல்லை என்றால், ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தினர் 2011 முதல் நடத்துகிறார்கள். மாணவர்களும் ஆர்வலர்களும் குளம் குளமாகப் போய் எண்ணுவார்கள். முக்குளிப்பானுக்கும் நாமக்கோழிக்கும் வித்தியாசம் அங்கே ஒரு காலையிலேயே பிடிபட்டுவிடும்.

பார்த்து முடித்ததும் ஒரே ஒரு காகிதத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த உயிர், அதற்கு இங்கே என்ன தொல்லை, அதைத் தீர்க்க இந்தத் தெருவில் இருப்பவர் என்ன செய்ய முடியும். உதாரணமாக, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் வக்காவும் மடையானும் கூடு கட்டுகின்றன. எச்சம் கடை மேல் விழுகிறது என்று குஞ்சு இருக்கும்போதே கிளையை வெட்டுகிறார்கள். கேட்க வேண்டியது, குஞ்சு பறக்கும்வரை வெட்டாதீர்கள் என்பது. இன்னொரு இடத்தில் பனை. பனை உழவாரன் என்ற சின்னப் பறவை தொங்கும் காய்ந்த ஓலையின் அடியில்தான் கூடு ஒட்டும். அங்கே கேட்க வேண்டியது, காய்ந்த ஓலையைத் தீ வைத்துக் கழிக்காதீர்கள் என்பது. ஒரு சுவருக்கு ஓர் உயிர், ஒரு வேண்டுகோள். 'இயற்கையைக் காப்போம்' என்று எழுதினால் யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை, அதனால்தான் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள்.

காசில்லாத ஒத்திகை: மார்கழிக் கோலம்

சுவரில் கைவைக்கும் முன் தரையில் போட்டுப் பாருங்கள். இதற்கு மார்கழியைவிட நல்ல காலம் கிடையாது. வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் குளங்களில் இறங்கியிருக்கும் மாதம், தெருவெல்லாம் கோலம் விழும் மாதமும் அதுதான். நம் தெருவில் சுதந்திரமான கை யாருக்கு என்றால் கோலம் போடும் பெண்களுக்குத்தான். பென்சிலும் அழிரப்பரும் இல்லாமல் இருட்டில் பத்தடிக் கோடு இழுக்கிறவர்கள் அவர்கள்.

குளத்தங்கரைத் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆளுக்கொரு பறவை என்று கோலம் போடச் சொல்லுங்கள். பரிசு, நடுவர் எல்லாம் வேண்டாம். போட்டி வைத்தால் மயில் மட்டும்தான் வரும். பக்கத்தில் பறவைப் படங்களை அச்செடுத்து வைத்தால் போதும். ஓரமாக நின்று கவனியுங்கள். எந்தப் படத்தின் முன்னால் ஜனம் நிற்கிறது, எதை 'இது நம்ம குளத்துல கிடக்கே' என்று கண்டுபிடிக்கிறது, யார் ஆர்வமாகப் பேசுகிறார், யார் முகம் சுளிக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சுவருக்கான படமும் ஆட்களும் அங்கேயே கிடைத்துவிடும். பச்சரிசி மாவில் போட்டால் எறும்புக்கும் அணிலுக்கும் ஆச்சு.

சுவர் யாருடையது?

இதில் அவசரப்பட்டால் மொத்தமும் கெட்டுப்போகும். பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்க 1959-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. நல்ல படம்தானே வரைந்தோம் என்பது அதற்குப் பதில் ஆகாது. சுவர் தனியாருடையது என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. மாநகராட்சிச் சுவர் என்றால் உங்கள் பகுதி எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், திருநெல்வேலி என்று நான்கு மண்டலங்கள். அந்த அலுவலகத்தில் ஆணையருக்கு முகவரியிட்டு மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். குளத்துக் கரை பெரும்பாலும் நீர்வளத்துறையிடம் இருக்கும், சாலையோரத் தடுப்புச் சுவர் நெடுஞ்சாலைத்துறையிடம். பள்ளிச் சுவர்தான் இருப்பதிலேயே சுலபம். தலைமை ஆசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் சரி என்றால் வேலை பாதி முடிந்த மாதிரி.

மனுவோடு படத்தின் வண்ண நகல், எழுதப்போகும் வாசகம், சுவரின் நீள அகலம், எந்தத் தேதியில் தொடங்கி எப்போது முடியும், யார் பராமரிப்பார் என்ற விவரம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். வார்டு கவுன்சிலரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் பெயரைச் சுவரில் போடக் கேட்டால் நாசூக்காகத் தவிர்ப்பது நல்லது. பெயர் இருந்தால் தேர்தல் அறிவித்த மறுநாளே வெள்ளையடிக்க ஆள் வந்துவிடும். கட்சி பிடித்து வைத்திருக்கும் சுவரைத் தொடாதீர்கள். பழைய கோவில் சுவர், படித்துறை, பாறை, மரத்தின் தண்டு இவையும் வேண்டாம். மரத்துக்குப் பெயின்ட் அடித்துவிட்டு மரம் காப்போம் என்று எழுதுவது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

தெருவைப் பேச விடுங்கள்

சுவருக்கு எதிரே இருக்கும் டீக்கடைதான் உங்கள் கூட்ட அரங்கு. அங்கே முதலில் வரும் கேள்வி அநேகமாக இப்படி இருக்கும்: "கொக்குப் படம் போட்டா எவன் மதிப்பான்? சாமி படம் போடுங்க தம்பி, ஒரு பய பக்கத்துல ஒதுங்க மாட்டான்லா."

அண்ணாச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது. சுவரடியில் ஒதுங்குகிறார்கள் என்றால் அந்தப் பக்கம் கழிப்பறை இல்லை என்று அர்த்தம். அதற்குத் தனி மனு போட வேண்டும். கொக்கால் அதைத் தீர்க்க முடியாது, சாமியாலும் முடியாது. சாமி படத்தைத் தவிர்க்க இன்னொரு காரணமும் இருக்கிறது. ரத வீதிக்காரரும் மேலப்பாளையத்துக்காரரும் பாளையங்கோட்டைச் சர்ச் தெருக்காரரும் பார்ப்பது ஒரே கொக்கைத்தான். அதைப் பிரித்துவிடக் கூடாது.

எச்சத்தால் தொல்லைப்படுகிற கடைக்காரரைத்தான் நீங்கள் முக்கியமாகச் சம்பாதிக்க வேண்டும். அவர் குறை நியாயமானது. தினமும் காலையில் வாசலைக் கழுவுகிறவர் அவர்தான். கூடு இருக்கும் மாதங்களுக்கு மட்டும் கடை முகப்புக்கு மேல் பச்சை வலையோ தார்ப்பாயோ கட்டித்தர உங்கள் குழு முன்வந்தால் அவர் மறுக்க மாட்டார். பெயின்ட் வாங்கும் காசில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். படத்துக்கு அடியில் எழுதும் வேண்டுகோளை இந்தத் தார்ப்பாய்தான் நம்பவைக்கும்.

அடுத்து ஓவியர். கல்லூரி மாணவர்களைக் கூப்பிடலாம், தப்பில்லை. ஆனால் ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிய ஓவியர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். நாற்பதடி தூரத்தில் எந்த எழுத்து படிக்கும், எந்த நிறம் ஒரே கோடையில் வெளிறும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த காலண்டர் படங்கள் தமிழ்நாட்டு வீடுகளையெல்லாம் நிறைத்தன. அந்தக் கைப்பழக்கம் இந்த வட்டாரத்தின் சொத்து. ஒரு மூத்த ஓவியரைத் தலைமைக்கு வைத்து, பிள்ளைகள் அவருக்குக் கீழே வேலை பழகட்டும். அவருக்குச் சதுர அடிக் கணக்கில் கூலி கொடுங்கள். சேவை என்று சொல்லி ஓசியில் வாங்காதீர்கள்.

படமும் எழுத்தும்

பறவை பெரிதாக இருக்கட்டும். பத்தடி உயரச் சுவரில் ஏழெட்டு அடிக்கு ஒரே ஒரு கூழைக்கடா நின்றால் டவுன் பஸ்ஸில் போகிறவருக்கும் தெரியும். இருபது பறவையைச் சின்னச் சின்னதாக வரைந்தால் பள்ளிக்கூட சார்ட் போல ஆகிவிடும். வாழும் இடத்தையும் சேர்த்து வரையுங்கள். பின்னணியில் அந்தக் குளத்தின் மடை, அந்த மரம், அந்தத் தெருவின் தண்ணீர்த் தொட்டி இருந்தால் 'இது நம்ம இடம்' என்பது சொல்லாமலே தெரியும்.

வாசகம் பேச்சுத் தமிழில், மூன்று நான்கு சொல்லுக்குள் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. "இந்த மரத்துல குஞ்சு இருக்கு. ஜூன் வரைக்கும் வெட்டாதீங்க." இது போதும். பத்தடி தூரத்துக்கு ஓரங்குல எழுத்து என்பது பலகை எழுதுகிறவர்கள் கணக்கு. சாலைக்கு அந்தப்புறம் இருந்து படிக்க வேண்டுமென்றால் நாலு அங்குலத்துக்குக் குறையாமல் எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லா உயிரின் இருப்பிடத்தையும் ஊருக்குக் காட்டக் கூடாது. தாமிரபரணியில் நீர்நாய் இருப்பதைப் பெருமையாக வரையலாம், ஆனால் அதன் வளை எந்தக் கரையில் என்று தெரிகிற மாதிரி வேண்டாம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான், பிடித்து விற்க ஆள் இருக்கிறது. கிளியை வரைந்தால், கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அடியில் எழுதிவிடுங்கள். பலருக்குத் தெரியாது.

ஆற்றங்கரைத் தெரு என்றால் எனக்குப் பிடித்த ஒரு யோசனை: 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்ற கோட்டைச் சுவரில் குறித்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்வது போல வரையலாம். குளத்தை மூடினால் தண்ணீர் எங்கே வரும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

சுவரைத் தயார் செய்வது

படம் ஆறே மாதத்தில் உரிந்தால் காரணம் சுவர்தான். குளத்துக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்துச் சுவர் அடியிலிருந்து ஈரம் உறிஞ்சும். ஓரடிச் சதுர பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஓர் இரவு விட்டுக் காலையில் உரித்துப் பாருங்கள். உள்ளே துளி கட்டியிருந்தால் ஈரம் இருக்கிறது. காயட்டும், பொறுங்கள். உப்புப் பூத்திருக்கும் அடிப்பகுதி ஒன்றிரண்டு அடியைப் படத்தில் சேர்க்காமல், வெறும் சுண்ணாம்போடு காவிப் பட்டை அடித்து விடுவது புத்திசாலித்தனம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், பெயின்ட் விடாது. புதுப் பூச்சுச் சுவர் என்றால் நான்கு வாரமாவது ஆறியிருக்க வேண்டும்.

பழைய சுண்ணாம்பு அடுக்குகளைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுங்கள். பழைய எண்ணெய்ப் பெயின்ட் இருந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டே, முகமூடி போட்டுச் சுரண்ட வேண்டும். பிள்ளைகளை இதில் விடாதீர்கள். பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் போட்டு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. புதிதாக வாங்கும்போதும் டப்பாவில் ஈயம் பற்றிய குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

சுரண்டும்போது ஓட்டைகளை எல்லாம் பட்டி வைத்து அடைக்கத் தோன்றும். முதலில் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சிட்டுக்குருவியும் மைனாவும் சுவர்ப் பொந்தில்தான் இருக்கும். பொந்து இருக்கும் இடத்தைப் படத்திலேயே மரப்பொந்தாக மாற்றிவிட்டால் ஓவியமும் ஆச்சு, வீடும் தப்பியது.

பிறகு ஒரு கோட் பிரைமர், வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட். இருபதடிக்குப் பத்தடிச் சுவருக்கு அடிப்படை நிறம் நாலு லிட்டர் போல ஆகும், சொரசொரப்பாக இருந்தால் இன்னும் குடிக்கும். மேற்குப் பார்த்த சுவரில் பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளிறிவிடும். செங்காவி, மஞ்சள் காவி, கறுப்பு, வெள்ளை நிற்கும். நல்லவேளையாக நம் நாரைகளில் பாதி இந்த நிறங்களில்தான் இருக்கின்றன.

படத்தைப் பெரிதாக்க, தாளில் ஓரங்குலக் கட்டம், சுவரில் ஓரடிக் கட்டம் போடுங்கள். சாக்குப்பொடி தேய்த்த நூலை இழுத்துப் பிடித்து அடித்தால் கோடு நேராக விழும். எழுத்துக்கும் திரும்பத் திரும்ப வரும் உருவத்துக்கும், தாளில் ஊசியால் துளை போட்டுக் கரிப்பொடித் துணியால் தட்டுவது பழைய ஓவியர்களின் முறை. பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.

எப்போது, எப்படி வரைவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை ஓடாது. தை முதல் பங்குனி வரை சுவர் நன்றாகக் காயும், ஆனால் குளத்துப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதும் ஏறக்குறைய அப்போதுதான், ஜூன் வரைகூடப் போகும். கூட்டு மரத்துக்கு அடியில் சுவர் என்றால் தை மாதத்தை விட்டுவிட்டு, ஆடிக்காற்று தணிந்த பிறகு ஆவணி, புரட்டாசியில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்திலிருந்து தள்ளியிருக்கும் சுவர் என்றால் தை நல்லது.

காலை ஆறு முதல் பத்து வரை, பிறகு மாலை நாலுக்கு மேல். உச்சி வெயிலில் கொதிக்கும் சுவரில் பெயின்ட் பிடிக்காமல் காய்ந்து, பின்னால் பொருக்குத் தட்டும். சாரத்தில் பெரியவர்கள் மட்டும் ஏறட்டும். மின்கம்பியும் டிரான்ஸ்பார்மரும் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள்.

பிரஷ்ஷைக் குளத்திலோ வாய்க்காலிலோ அலசக் கூடாது. பறவைக்காக வரைந்துவிட்டு அது மீன் பிடிக்கும் தண்ணீரில் பெயின்ட்டைக் கரைத்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பழைய பேப்பரில் துடைத்துவிட்டு வாளித் தண்ணீரில் அலசுங்கள். அடியில் தங்கும் மண்டியைக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள், மேல் தண்ணீர் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகட்டும்.

திறப்பு விழாவுக்கு வெடியும் ஒலிபெருக்கியும் வேண்டாம். படத்துக்கு இரவில் ஃபோகஸ் லைட் போடலாமா என்று யாராவது கேட்பார்கள். குளத்தங்கரையில் கூடாது. அடைய வந்த பறவைக்கு அந்த வெளிச்சமே தொல்லை.

வரைந்த பிறகு

முதல் மாதத்தில் ஒரு போஸ்டர் விழும். அன்றைக்கே ஈரத்துணியால் ஊறவைத்து உரிக்க ஆள் வேண்டும். ஒன்றை விட்டால் வாரத்தில் பத்தாகிவிடும். எதிர் டீக்கடை, பக்கத்துப் பள்ளி, தெருவில் ஒரு ஆச்சி என்று மூன்று பேரிடமாவது இந்தப் பொறுப்பைச் சொல்லி வையுங்கள். போஸ்டர் ஒட்ட இரவில் வருகிறவனிடம் "எப்பா, அந்தப் பக்கம் ஒட்டு" என்று சொல்ல ஆச்சி ஒருத்தி போதும்.

படம் வேலை செய்கிறதா என்று பார்க்க, வரைவதற்கு முன்பு அந்த இடத்தில் எத்தனை கூடு, எவ்வளவு குப்பை, எத்தனை கிளை வெட்டு என்று எழுதி வைத்ததை ஆண்டுதோறும் அதே மாதத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். கூடு குறைந்திருந்தால் காரணம் படத்தில் இருக்காது. தண்ணீர் வரத்து நின்றிருக்கலாம், அமலைச் செடி (ஆகாயத்தாமரை) குளத்தை மூடியிருக்கலாம், யாரோ மண் கொட்டியிருக்கலாம். அந்தக் குறிப்பையும் இரண்டு புகைப்படத்தையும் சேர்த்து மண்டல அலுவலகத்திலோ நீர்வளத்துறையிலோ கொடுங்கள். சுவருக்கு அனுமதி வாங்கப் போனபோது பழகிய அதே அலுவலர்கள் இருந்தால் பேச்சு சுலபமாகத் தொடங்கும்.

மீதமான பெயின்ட்டை மூடி இறுக்கி, எந்த நிறம் எந்த இடத்துக்கு என்று டப்பாவின் மேல் எழுதி, பள்ளியிலோ டீக்கடைப் பரணிலோ வைத்துவிடுங்கள். ஓரம் பெயர்ந்தால் தெருக்காரர்களே தொட்டுச் சரிசெய்துகொள்வார்கள்.